கொசுவின் நாட்கணக்கு

மழைக்கு முன்னால் கொசு ஒழிப்பு என்றதும் எல்லோரும் தண்ணீர் தேங்கிய இடத்தைத்தான் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரே இல்லாத டிரம்மை. போன மழையில் நிரம்பி, பிறகு வற்றி, மூலையில் காய்ந்து கிடக்கிறதே, அதை. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உட்சுவரைப் பாருங்கள். முன்பு தண்ணீர் நின்ற மட்டத்தை ஒட்டிக் கரித்தூள் தூவியதுபோல ஒரு திட்டு தெரியலாம். அது வெறும் அழுக்காக இருக்கலாம், ஏடிஸ் கொசுவின் முட்டைகளாகவும் இருக்கலாம். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் வெறுங்கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் தேய்த்துவிடுவதுதான் வழி.

டெங்கு, சிக்குன்குனியா, ஸிக்கா மூன்றையும் பரப்பும் ஏடிஸ், முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை. அதையும் ஒரே இடத்தில் இடாமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடும். முட்டைக்குள் கரு வளர ஓரிரு நாள் ஈரம் கிடைத்துவிட்டால் போதும், அதன் பிறகு காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியதும் பொரியும். "தண்ணியெல்லாம் கொட்டிட்டோம், அப்புறமும் எங்கிருந்து வருது?" என்ற கேள்விக்கு விடை இதுதான். கொட்டியது தண்ணீரை மட்டும். முட்டை சுவரிலேயே இருக்கிறது.

ஆகவே தேய்க்க வேண்டும். துணியால் துடைத்தால் போகாது, முரட்டு நார் உள்ள பிரஷ் வேண்டும். வீட்டு பிளீச் திரவத்தோடு சோப்புத் தூளைக் குழைத்துப் பசையாக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில் பட்டையாகப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு தேய்த்துக் கழுவினால் முட்டை அழியும். ஹோண்டுராஸில் துவைக்கும் தொட்டிகளுக்கென்று பழக்கத்துக்கு வந்த முறை இது. பிளீச் முட்டையின் ஓட்டை அரிக்கும், சோப்பு அதைச் சுவரில் வழியாமல் பிடித்து வைக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். கழுவிய தண்ணீரை இன்னொரு வாளியில் பிடித்து வைக்காமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

முட்டை பொரிந்த பிறகு நமக்குக் கிடைப்பது ஒரு வாரம்தான். வெப்பமான பருவத்தில் புழுவாக ஐந்தாறு நாள், கூட்டுப்புழுவாக ஏறக்குறைய இரண்டு நாள், அப்புறம் சிறகு. குளிர் கூடினால் இது இரண்டு வாரத்துக்கு மேல் நீளும். வாரம் ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்வதன் கணக்கு இதுதான். பத்து நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்கிறவர் நல்ல வெயில் காலத்தில் கொசு வளர்த்துக் கொடுக்கிறார். கிழமையை மாற்றாமல் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இந்த வாரம் திங்கள், அடுத்த வாரம் சனி என்று போனால் நடுவில் பன்னிரண்டு நாள் விழுந்துவிடும்.

கூட்டுப்புழுவை அடையாளம் காணக் கற்றுக்கொள்வது இந்த வேலையில் பாதி. மூடியைச் சட்டென்று திறந்தால் நிழல் பட்டதும் எல்லாம் அடிக்கு ஓடிவிடும். காலி என்று நினைத்து மூடிவிடுவோம். திறந்து, அசையாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூச்சுக்காக ஒவ்வொன்றாக மேலே வரும். நீளமாக நெளிந்து வந்து, வாலில் உள்ள குழலைத் தண்ணீர்ப் பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்குவது புழு. தலை பெருத்து, வால் மடங்கி, காற்புள்ளி போல இருந்துகொண்டு, தொட்டால் குட்டிக்கரணம் போட்டு ஓடுவது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது. இந்த ஒரு விஷயம் மருந்துப் பேச்சில் மறுபடி வரும். காற்புள்ளிகள் தெரிந்தால் உங்களுக்கு அதிகபட்சம் இரண்டு நாள்தான் மீதி. மருந்தைத் தேடிக்கொண்டிராமல் அன்றைக்கே தண்ணீரைக் கொட்டுங்கள்.

தேட வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லாச் சுவரொட்டியிலும் இருப்பதால் டயரையும் பூச்சட்டித் தட்டையும் விட்டுவிட்டு, தவறிப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். ஃபிரிட்ஜின் பின்பக்கம், மோட்டாருக்கு மேலே உள்ள தட்டு. ஆள் புழங்காத குளியலறையின் தரைவடிகால் பொறி. கழிப்பறைத் தொட்டியின் மூடி விலகிய இடம். கூரைத் தகரத்தின் ஓரக் கால்வாயில் இலை அடைத்த வளைவு. தண்ணீர் மீட்டர் குழி. மேல்நிலைத் தொட்டியில் மூடி சரியாகவே இருக்கும், ஆனால் வழிந்தோடும் குழாயின் வாயில் வலை இருக்காது. கொசு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். இன்னொன்று, மூடியே பிரச்சினையாவது. டிரம்மைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டுவார்கள். மழை பெய்ததும் நடுவில் தொய்ந்து, மேலேயே ஒரு சட்டி தண்ணீர் நிற்கும். மூடுவதாக இருந்தால் வலைத்துணியை விறைப்பாக இழுத்து, விளிம்புக்குக் கீழே ரப்பர் பட்டை போட்டுக் கட்டுங்கள். மழை உள்ளே இறங்கும், கொசு இறங்காது. டயரைக் கவிழ்த்தாலும் சாய்த்தாலும் உள்வளைவில் தண்ணீர் மிஞ்சும். ஊஞ்சலுக்கோ செடிக்கோ வைத்திருப்பதானால் அடிப்பக்கத்தில் மூன்று நான்கு துளை போட வேண்டும், இல்லையென்றால் மண் நிரப்ப வேண்டும்.

கொட்டவே முடியாத தண்ணீருக்குத்தான் மருந்து. ஒரு சதவீத டெமிபாஸ் குருணை, அபேட் என்று பலர் அறிந்தது, 100 லிட்டருக்கு 10 கிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து என்ற கணக்கு அது. குடிநீர்த் தொட்டிக்கும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. தவறு நேர்வது தொட்டியின் கொள்ளளவில். உள்விட்டம் 58 செ.மீ., உயரம் 88 செ.மீ. உள்ள டிரம் என்றால், ஆரம் 29. 29 × 29 × 3.14 × 88, ஏறக்குறைய 2,32,000 கன செ.மீ., அதாவது 232 லிட்டர். மருந்து 23 கிராம். இப்போது பாதிதான் தண்ணீர் இருக்கிறது என்று பாதி மருந்து போடக் கூடாது, நாளை நிரம்பும். முழுக் கொள்ளளவுக்குத்தான் போட வேண்டும். குருணையைச் சிறு துணி முடிச்சில் கட்டித் தொங்கவிட்டால், கழுவும்போது எடுத்து வைத்து மறுபடி போடலாம். இரண்டு மூன்று மாதம் வேலை செய்யும் என்பது தண்ணீர் அசையாத தொட்டிக்குச் சொன்னது. தினமும் மொண்டு நிரப்பும் டிரம்மில் அதற்கு முன்பே பலம் குறைந்துவிடும். பல ஊர்க் கொசுக்கள் இந்த மருந்துக்குப் பழகியும் விட்டன. போட்ட மறுநாளும் புழு துள்ளிக்கொண்டிருந்தால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றுங்கள்.

பி.டி.ஐ. என்பது பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. புழு அதைத் தின்றால், அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் நச்சு கரைந்து குடல்சுவரைத் துளைக்கும். மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. ஆனால் தின்னாத கூட்டுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. டெமிபாஸும் கூட்டுப்புழுவிடம் பெரிதாக எடுபடாது. மருந்து போட்ட மறுநாள் கொசு பறந்தால் மருந்தைத் திட்டுவதில் நியாயமில்லை. வெயில் நேரடியாகப் படும் தண்ணீரிலும், சாணமும் இலையும் அழுகிய தண்ணீரிலும் பி.டி.ஐ. சீக்கிரம் வலுவிழக்கும். பைரிப்ராக்ஸிஃபென் என்ற மருந்து போட்ட தொட்டியில் இதற்கு நேர்மாறான குழப்பம் வரும். அது புழுவைக் கொல்லாது, கொசுவாக மாறும் கட்டத்தில் தடுக்கும். புழு உயிரோடு நீந்துவதைப் பார்த்து மருந்து போலி என்று முடிவுகட்டிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கூட்டிலிருந்து கொசு வெளியேறுகிறதா என்பதை. கூட்டுப்புழுக்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து, வாயில் வலை கட்டி மூன்று நாள் வைத்தால் தெரிந்துவிடும்.

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா மீனைக் குளம் குட்டையில் விடும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. அது தவளைக் குஞ்சையும் உள்ளூர் மீன்குஞ்சையும் சேர்த்துத் தின்னும். மூடிய சிமென்ட் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கப்பி மீனும் அந்த வேலையைச் செய்யும்.

புகை அடிப்பது பற்றி. வண்டி வந்து தெரு முழுக்க வெள்ளையானால் ஏதோ நடந்ததாக எல்லோருக்கும் திருப்தி. அந்தப் புகைத்துளி கொல்வது அந்த நிமிடத்தில் காற்றில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும். ஏடிஸ் உட்கார்ந்திருப்பது வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கு அடியில், அலமாரிப் பின்புறம், தொங்கும் துணி மடிப்பில். புகை வருகிறதென்று நாம் ஜன்னலைச் சாத்துகிறோம்; அதற்குப் பாதுகாப்பு கொடுக்கிறோம். உணவையும் குடிநீரையும் மூடி, மீன்தொட்டியை மூடி, குழந்தைகளையும் மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் புகை எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் பலன். நேரமும் முக்கியம். நடுப்பகலில் தரை சூடேறிக் காற்று மேலே எழும்போது புகையும் கூடவே போய்விடும். விடிந்த வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் தரையோடு தவழும். ஏடிஸ் சுறுசுறுப்பாகக் கடிப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான். இத்தனையும் சரியாகச் செய்தாலும் டிரம்மில் உள்ள காற்புள்ளிகள் மறுநாள் கொசுவாகிப் பறக்கும். நோய் பரவிக்கொண்டிருக்கும் தெருவில், தொட்டிகளைக் காலி செய்கிற அதே நாளில் அடித்தால் புகைக்கு வேலை உண்டு. மற்றபடி அது சத்தமும் டீசலும்தான் என்பது என் கருத்து.

சாக்கடைக் கொசுவையும் இதோடு குழப்பிக்கொள்கிறோம். ராத்திரி காதில் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸ், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்வது, யானைக்காலைப் பரப்புவது. சாக்கடையில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் டெங்கு அசையாததற்குக் காரணம், ஏடிஸ் பொதுவாக அங்கே வளர்வதில்லை. கியூலெக்ஸுக்கு வண்டல் வாரி ஓட்டத்தைச் சரிசெய்வதும், செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் வலை கட்டுவதும் முதல் வேலை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸின் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. தண்ணீர்ப் பரப்போடு படுத்த மாதிரி மிதக்கும். அந்த இனத்தில் ஸ்டீஃபென்சை என்ற வகை நகரத்துக் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும். 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டறியப்பட்ட பிறகு ஆப்பிரிக்க நகரங்களுக்கு அது புதுத் தலைவலியாகிவிட்டது. தொட்டியை மூடினால் டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் ஒரே மூடி.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை என்பது உண்மை. ஆனால் ஊர் முழுக்கச் செய்தால்தான் பலன் என்பதும் இல்லை. ஏடிஸ் பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். உங்களைச் சுற்றி ஒரு 50 வீடு, அதுதான் உங்கள் உலகம். இரண்டு பேர், ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு சொட்டுக்குழல், ஒரு நோட்டு. வீட்டு எண், தண்ணீர் உள்ள பாத்திரங்கள், புழு உள்ளவை, கூட்டுப்புழு எத்தனை என்று நான்கு பத்தி போதும். உதாரணத்துக்கு 50 வீட்டில் 8 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 16. அந்த 8 வீட்டில் 12 பாத்திரங்களில் புழு என்றால், 100 வீட்டுக்கு 24. இது பிரெட்டோ குறியீடு. அறிக்கைகளில் பெரும்பாலும் இதுபோன்ற குறியீடுகள்தான் வரும். எனக்கு நான்காவது பத்திமேல்தான் நம்பிக்கை. புழுவில் பல வளராமலே செத்துவிடும், கூட்டுப்புழுவில் பெரும்பகுதி கொசுவாகும். தட்டில் ஊற்றி எண்ணிப் பார்த்தால், 12 பாத்திரத்தில் இரண்டு டிரம்மே முக்கால்வாசிக் கூட்டுப்புழுவைக் கொடுத்துக்கொண்டிருப்பது தெரியவரும். பாட்டில் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பதைவிட அந்த இரண்டு டிரம்முக்கு வலை கட்டுவது மேல். பூட்டிய வீட்டையும் பாதியில் நிற்கும் கட்டடத்தையும் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். மற்ற இடம் எல்லாம் சுத்தமான தெருவில் கொசு அங்கிருந்துதான் வரும். சாவி யாரிடம் என்பதை மழைக்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

கொசுப்பொறி செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பு டப்பாவில் தண்ணீர் வைத்து, உள்ளே பழுப்புத் தாள் சுற்றி, முட்டையிட வைத்து, தாளை எடுத்து அழிப்பது நல்ல முறைதான். ஐந்தாறு நாளில் எடுக்க மறந்தால் அதுவே கொசுப் பண்ணை. மறதிக்காரர்கள் தண்ணீரில் பி.டி.ஐ. போட்டு வைக்கட்டும். மீயொலி எழுப்பும் கருவிகள் எதையும் விரட்டுவதில்லை. நீல விளக்கில் பொரியும் பூச்சிகளில் பெரும்பாலானவை அப்பாவி விட்டில்கள்.

உடம்பில் பூசும் கொசுவிரட்டிகளில் 20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின் நம்பகமானவை. சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அதை முதலில், இதை மேலே. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் வேண்டாம், வலைதான். எந்தக் குழந்தைக்கும் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசாதீர்கள், வாய்க்குப் போகும். மருந்து ஊறிய கொசுவலையை வெயிலில் காயப்போட்டால் மருந்து சிதையும், நிழலில் உலர்த்துங்கள்.

இனி காய்ச்சல். இங்கேயும் நாட்கணக்குதான். காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மருத்துவரும் கேட்கும் முதல் கேள்வி அது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். பார்த்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. என்.எஸ்.1 இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லையென்று முடிவுகட்ட முடியாது. மலேரியா உள்ள பகுதியில் அதற்கான ரத்தப் பரிசோதனையை முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. சிரப் பாட்டிலில் 5 மில்லிக்கு 120 என்றும் இருக்கும், 250 என்றும் இருக்கும். 'ஒரு மூடி' என்று ஞாபகத்தில் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீடே நிம்மதி அடையும். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பது அப்போதுதான். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் விழும் நேரம் அந்த 24 முதல் 48 மணி. வயிற்று வலி நிற்காமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுவது, அளவுக்கு மீறிய சோர்வு அல்லது காரணமில்லாத பரபரப்பு, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது — இவற்றில் ஒன்று இருந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதோடு ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்றும் கேளுங்கள். தட்டணு இறங்க இறங்க அது ஏறிக்கொண்டே போனால் நீர் கசிகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாமல் நிலையாக இருப்பவருக்கு எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆய்வகத்தின் எண், வண்டிக்காரர் எண் எல்லாம் மழைக்கு முன்பே ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

அந்த டப்பாவோடு கூடுதலாக ஒரு கொசுவலையும் வேண்டும், பகலுக்கு. காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஐந்து நாள் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். ஏடிஸ் பகலில் கடிப்பது. அவரை அப்போது கடிக்கும் கொசுவுக்குள் வைரஸ் பெருகி எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். அதன் பிறகு அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். பக்கத்து வீட்டில் இன்று முதல் காய்ச்சல் என்றால், அங்கிருந்து கிளம்பும் அடுத்த சுற்று தெருவில் தெரிய இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. அவரைக் கடித்த கொசு எந்த டிரம்மில் பிறந்ததோ அதுவும் பெரும்பாலும் அதே 200 மீட்டருக்குள்தான். நோயாளியை வலைக்குள் படுக்க வைத்த கையோடு, நோட்டை எடுத்து அந்த இரண்டு டிரம் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள். பிறகு பூட்டிய வீட்டின் சாவியை வாங்குங்கள்.